பிஎஸ்4 ஸ்லிம் (சோனி கேம் கன்சோல்): வெள்ளை விளக்கு எரியுது, டிவியில படம் வரல

கேள்வி (பெங்களூரு):
ஆன் பண்ணா பீப் வருது, விளக்கு நீலத்துல இருந்து வெள்ளைக்கு மாறுது. டிவியில 'நோ சிக்னல்'. கேபிளும் டிவியும் மாத்திப் பார்த்தாச்சு. எஸ்.பி. ரோட்டு எலக்ட்ரானிக்ஸ் கடைக்குக் கொண்டுபோறதுக்கு முன்னாடி வீட்டுல என்ன பார்க்கலாம்?

பதில் 1:
வெள்ளைக்கு மாறுதுன்னா பெரும்பாலும் மதர்போர்டுக்கு உயிர் இருக்கு, பயப்படாதீங்க. அணைச்சிட்டு, பவர் பட்டனை ரெண்டாவது பீப் வரைக்கும், சுமார் 7 விநாடி, அழுத்திப் பிடிங்க. சேஃப் மோட் (கோளாறு சரிபண்றதுக்கான மெனு) திரை வந்தா, கன்ட்ரோலரை யுஎஸ்பி கேபிள்ல மாட்டி ரெசல்யூஷனை மாத்துங்க. வரலன்னா எச்டிஎம்ஐ போர்ட்டுக்குள்ள (டிவி கேபிள் சொருகுற வாய்) டார்ச் அடிச்சுப் பாருங்க. 19 பின்னும் வளையாம சீரா நிக்கணும். ஒண்ணு மடங்கி பக்கத்துப் பின்னைத் தொட்டாலே படம் போயிடும். ஊசியால நிமிர்த்தப் பார்க்காதீங்க, உடைஞ்சிடும்.

பதில் 2:
எச்டிஎம்ஐ போர்ட்டை மாத்தணும்னா, கடையில மைக்ரோஸ்கோப், ப்ரீஹீட்டர் (போர்டைக் கீழேயிருந்து சூடாக்குற கருவி) இருக்கான்னு முதல்ல கேளுங்க. போர்டைக் கீழேயிருந்து சூடாக்காம மேல மட்டும் ஹாட் ஏர் அடிச்சா, எச்டிஎம்ஐ போர்ட்டோட சேர்ந்து பேடும் (பின்னை சால்டர் பண்ற செம்புத் தகடு) பிஞ்சு வரும். பக்கத்துல எள்ளு அளவுல இருக்கிற ஃபில்டர்களும் (சின்ன பாகங்கள்) நகர்ந்துடும். புது எச்டிஎம்ஐ போர்ட் போட்டும் படம் வரலன்னா அடுத்த சந்தேகம் எச்டிஎம்ஐ ஐசி (படத்தை டிவிக்கு அனுப்புற சிப்).

மதர்போர்டையே மாத்தலாம்னு சொன்னா உடனே சரின்னு சொல்லிடாதீங்க. டிஸ்க் டிரைவ் பழைய மதர்போர்டோட ஜோடி. வேற போர்டுல டிஸ்க் கேம் ஓடாது.