எறும்பு ஊட்டி வளர்க்கும் புழுவுக்கு என்ன பெயர்? – ‘சமூக ஒட்டுண்ணி’ பற்றி

அனைவருக்கும் வணக்கம்.

தமிழ்மொழிமூல மாணவர்களுக்காகக் கொழும்பில் நாங்கள் தயாரிக்கும் பூச்சியியல் கைநூல் ஒரே ஒரு சொல்லில் தடக்கி நிற்கிறது. எறும்புப் புற்றுக்குள் குடம்பியாக (புழுப் பருவத்தில்) இருந்து, எறும்புகளின் செலவிலேயே வளர்ந்து, கடைசியில் வண்ணத்துப்பூச்சியாகப் பறந்துபோகும் உயிரினத்தை எப்படிக் குறிப்பது? ‘சமூக ஒட்டுண்ணி’ என்று அச்சுக்குப் போக இருந்ததை மறித்தவன் நான்தான். போன வாரம் வந்த மடல்களுக்கு வரிசையாகப் பதில் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> சமூக ஒட்டுண்ணி என்பதில் என்ன குறை? எல்லாருக்கும் விளங்குகிறதே தம்பி.

மாஸ்டர், விளங்குவதுதான் தொல்லை. பத்திரிகையில் ‘சமூக ஒட்டுண்ணி’ என்றால் மீற்றர் வட்டிக்காரர், தரகர், அல்லது எழுதுபவருக்குப் பிடிக்காத அரசியல்வாதி. பிள்ளைகள் இணையத்தில் தேடினால் மேடைப் பேச்சுகள்தான் வந்து விழும். அதையாவது விடலாம். ‘ஒட்டு’ என்ற பகுதிதான் எனக்கு இடிக்கிறது. பேன் ஒட்டும், உண்ணி ஒட்டும், நாடாப்புழு குடலைப் பற்றிக்கொண்டு கிடக்கும். இந்தப் புழு எந்த எறும்பிலும் ஒட்டுவதில்லை, எந்த எறும்பின் உடற்பாயத்தையும் உறிஞ்சுவதில்லை. தன் பிள்ளைகளை வளர்க்க ஒரு புற்று செய்து வைத்திருக்கும் ஏற்பாடு முழுவதையும் தன் பக்கம் திருப்பிக்கொள்கிறது. உண்ணப்படுவது அந்த வளர்ப்பு.

ஐரோப்பாவின் ‘பெரிய நீலன்’ என்ற வண்ணத்துப்பூச்சியின் கதையைப் பாருங்கள். பெங்காரிஸ் அரியன் என்பது அதன் விஞ்ஞானப் பெயர். தைம் செடியின் பூமொட்டில் முட்டை. முதல் சில வாரம் புழு பூவைத்தான் தின்னும். கடைசித் தோலுரிப்பு முடிந்ததும், மூன்று நான்கு மில்லிமீற்றர் நீளத்தில், மாலை நேரமாகப் பார்த்துத் தரையில் விழும். அப்புறம் காத்திருக்கும். மிர்மிக்கா பேரினத்துச் செவ்வெறும்பு ஒன்று வந்து தடவிப் பார்க்கும், புழுவின் முதுகுச் சுரப்பியிலிருந்து வரும் இனிப்புத் துளியைக் குடிக்கும். கொஞ்ச நேரத்தில் புழு உடலை வளைத்து உப்பிக்கொள்ளும். எறும்பு உடனே அதைத் தன் இனத்துக் குடம்பி என்று நம்பி, வாயில் கௌவிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடும். கடைசியில் புழு அடையும் எடையில் 98 சதவீதத்துக்கு மேல் அந்தப் புற்றுக்குள் சேர்வதுதான்.

உள்ளே நடப்பது இனத்துக்கு இனம் வேறு. அரியன் எறும்புக் குடம்பிகளையே தின்கிறது. அதன் உறவான அல்கன் நீலன் தின்னப் போவதில்லை. வேலைக்கார எறும்புகள் வாயோடு வாய் வைத்து அதற்கு ஊட்டுகின்றன. மேற்தோலிலுள்ள ஐதரோகாபன்கள் எறும்பின் மணத்தைப் போலிருப்பது ஒரு காரணம். மற்றது சத்தம். இந்தப் புழுவும் அதன் கூட்டுப்புழுவும் எழுப்பும் ஒலி ராணி எறும்பின் ஒலியைப் போன்றது என்று 2009இல் இத்தாலிய, பிரித்தானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். பதிவுசெய்த ஒலியைச் சின்ன ஒலிபெருக்கியில் போட்டபோது வேலைக்கார எறும்புகள் அதைச் சூழ்ந்து, ராணிக்குக் காவல் நிற்பதுபோல நின்றன. உணவு குறைந்தால் சொந்தக் குடம்பிகள் காத்திருக்க, இதற்குத்தான் முதலில் ஊட்டு. பிள்ளை வேடமும் ராணி வேடமும் ஒரே நேரத்தில்!

நம் பாடநூலில் உள்ள ‘விருந்து வழங்கி’ என்ற சொல் பேனுக்கும் மனிதனுக்கும் இடையில் எப்போதும் கொஞ்சம் கேலியாகத்தான் கேட்கும். இங்கே அது எழுத்துக்கு எழுத்து உண்மை. அதைத் தொட வேண்டாம்.

> குயில் காக்கைக் கூட்டில் முட்டையிடுவது நமக்குத் தெரிந்த செய்தி. ‘குயிற்புழு’ என்று வைத்தால் சின்னப் பிள்ளைக்கும் புரியும்.

சென்னை அக்கா, சொல் அழகாகத்தான் இருக்கிறது. சித்திரை பிறக்கும் நேரம் வெள்ளவத்தையில் குயிலும் காகமும் படும் பாட்டைப் பார்க்கிறவர்களுக்கு விளக்கமே தேவையில்லை. ஆனால் குயில் தானே வந்து முட்டையிடுகிறது. நீலன் முட்டையிடுவது பூவில். புழுவை உள்ளே தூக்கிப் போவது எறும்பு. அதோடு ‘குயிற்புழு’ புழுவுக்கு மட்டும்தான் ஆகும். இதே வாழ்க்கை வாழும் எறும்பு இனங்கள் உண்டு, வண்டுகள் உண்டு. அவற்றை என்ன செய்வது, ‘குயில் எறும்பு’ என்றா? பெட்டிச் செய்திக்குத் தலைப்பாக வைத்துக்கொள்கிறேன், கலைச்சொல்லாக வேண்டாம்.

> குடியேற்ற ஒட்டுண்ணி?

வேண்டாம். இந்த நாட்டில் ‘குடியேற்றம்’ என்ற சொல் ஏற்கெனவே போதிய பாரம் சுமக்கிறது, எறும்பையும் அதில் ஏற்ற வேண்டாம்.

ஆனால் ‘குடி’ என்ற பகுதியை விட எனக்கு மனமில்லை. குடித்தொகை, குடியிருப்பு எல்லாம் மாணவருக்குப் பழக்கமான சொற்கள். மட்டக்களப்புப் பக்கத்தவர்களுக்கு இன்னும் நெருக்கமானது. அங்கே குடி என்பது தாய்வழி. எறும்புப் புற்றும் அப்படித்தானே? ஒரு ராணியின், அல்லது சில ராணிகளின், பெண்மக்கள் சேர்ந்து தங்கைகளை வளர்க்கும் வீடு அது. ஆகவே பொதுச்சொல்லாக ‘குடியுண்ணி’யை முன்வைக்கிறேன்: ஒரு குடியின் கூட்டு உழைப்பை உண்பது. மதுவரித் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டுமா என்று ஒருவர் தனிமடலில் கேட்டிருந்தார். சிரித்துவிட்டுப் போகலாம், ‘குடிநீர்’ என்று சொல்லும்போது யாரும் மயங்குவதில்லை.

> சுவிஸ் மலைச்சாரலில் ஓர் எறும்பு, இன்னோர் எறும்பினத்தின் ராணி முதுகிலேயே ஏறிக் குந்தியிருக்கிறதாமே. அதற்கு ‘ஒட்டு’ பொருந்தாதா?

நல்ல கேள்வி மாஸ்டர். டெலியுடோமிர்மெக்ஸ் என்று நெடுங்காலம் அழைக்கப்பட்ட அந்த எறும்பில் வேலைக்காரரே இல்லை. ராணி மற்ற ராணியின் முதுகைப் பற்றிக்கொண்டிருக்க, அந்தப் புற்றின் வேலைக்காரர் இரண்டையும் பராமரிக்கிறார்கள். ஒட்டுகிறது, உண்மைதான். ஆனாலும் ராணியின் உடலை அது தின்னவில்லை, வீட்டின் ஊட்டலில்தான் பிழைக்கிறது. அதையும் குடியுண்ணியில் அடக்கலாம்.

இனி உட்பிரிவு. ஊட்டப்பட்டு வளரும் அல்கன் வகைக்கு நான் நினைப்பது ‘ஊட்டுண்ணி’. ஊட்டு, அதை உண்பது. ‘ஒட்டுண்ணி’க்கு அருகில் வைத்துப் பாருங்கள், முதலெழுத்து மட்டும்தான் மாறுகிறது, வேறுபாடும் உறவும் அந்த ஓரெழுத்துக்குள் இருக்கிறது. எறும்புக் குடம்பிகளைத் தின்னும் அரியன் வகைக்கு ‘சூறையுண்ணி’. இரண்டையும் பிரித்துச் சொல்வது வீண் நுணுக்கமில்லை. ஊட்டுண்ணி வகையில் ஒரே புற்றில் பல புழுக்கள் வளர்ந்து முடிக்கும். சூறையாடும் வகையில் குடம்பிகள் தீர்ந்தால் எல்லாமே பட்டினி, ஆகவே ஒரு புற்றிலிருந்து வெளிவருவது சொற்பம்.

> நம் பக்கத்து உதாரணம் ஒன்றும் இல்லையா? தைம் செடியை யார் கண்டது?

இருக்கிறது, முசுறு. இங்கே மாமரத்தில் ஏறியவன் எவனுக்கும் முசுற்றை அறிமுகம் செய்யத் தேவையில்லை. இந்தியாவிலிருந்து வட அவுஸ்திரேலியா வரை, முசுறு தைத்த இலைக்கூட்டுக்குள் லிபைரா பிராசோலிஸ் என்ற வண்ணத்துப்பூச்சியின் புழு வாழ்கிறது. தட்டையான, தோல்போலத் தடித்த மூடி அதன் முதுகு முழுவதும். முசுறு எவ்வளவு கடித்தாலும் தாடை இறங்காது. அந்த மூடியை ஒரு பக்கம் தூக்கி, அடியில் அகப்படும் எறும்புக் குடம்பியைத் தின்னும். கடைசித் தோலையும் கழற்றாமல் அதற்குள்ளேயே கூட்டுப்புழுவாகும். வெளியே வரும்போதுதான் கவசம் இல்லை. அதற்கும் வழி வைத்திருக்கிறது: உடல் முழுவதும் எளிதில் உதிரும் வெள்ளைச் செதில்கள். கடிக்க வந்த முசுற்றின் வாயிலும் காலிலும் உணர்கொம்பிலும் அவை ஒட்டிக்கொள்ள, எறும்பு தன்னைத் துடைத்துக்கொண்டிருக்கும் நேரத்தில் பூச்சி தப்பிவிடும்.

இது சூறையுண்ணிதான், அதிலும் முரட்டு வகை. என் கைநூலில் படம் போடப் போவது இதற்குத்தான்.

எறும்போடு சேர்ந்து வாழும் எல்லா நீலன்களையும் இதில் போட்டுவிடக் கூடாது. கொழும்பில் சைக்கஸ் வைத்த வீட்டு முற்றங்களில் இளங்குருத்தை அரிக்கும் சின்னப் பச்சைப் புழுக்களைப் பார்த்திருப்பீர்கள். அதைச் சுற்றி எறும்புகள் நின்று உணர்கொம்பால் தட்டும், புழுவின் முதுகில், பின்பக்கமாக ஏழாம் வயிற்றுத் துண்டத்தில் ஒரு துளி கசியும், எறும்பு குடிக்கும். துளிக்குக் கூலியாக எறும்பு காவல் நிற்கிறது. அது நம் பாடநூலின் ‘ஒன்றிய வாழ்வு’. எறும்போடு தொடர்புள்ள நீலன்களில் பெரும்பாலானவை இந்த வகைதான், குடியுண்ணிகள் மிகச் சில.

> இவ்வளவு அரிய பூச்சிக்கு ஒரு சொல் தேவையா?

தேவை என்றே நினைக்கிறேன். பிரித்தானியாவில் பெரிய நீலன் 1979இல் அற்றுப்போனது. தைம் செடி இருந்தது, வேலியடைத்துக் காத்த இடங்களும் இருந்தன. அப்படியிருந்தும் பூச்சி போய்விட்டது. பிரித்தானிய ஆய்வாளர் ஜெரமி தோமஸ் கண்டுபிடித்தது இதுதான்: மேய்ச்சல் குறைந்தது, முயல்களும் நோயில் செத்தன, புல் உயர்ந்ததால் மண் குளிர்ந்தது, இந்த நீலனை வளர்க்கும் மிர்மிக்கா சபுலெட்டி என்ற எறும்பு போய், குளிர் தாங்கும் வேறு மிர்மிக்கா வந்து குடியேறிவிட்டது. எறும்பு என்று பொதுவாக ஒன்று இல்லை. எந்தக் குடி என்பதுதான் கேள்வி. அப்புறம் 1983 முதல் சுவீடனிலிருந்து புழுக்களைக் கொண்டுவந்து, புல்லை மேயவிட்டு, மறுபடி வளர்த்தார்கள். ‘ஒட்டுண்ணி’ என்று படித்த பிள்ளை, அதை ஒழிக்க வேண்டிய சாமான் என்றுதான் எடுத்துக்கொள்ளும்.

எஞ்சியிருப்பது ஒரு பயம்தான். பிழைதிருத்துபவர் ‘ஊட்டுண்ணி’யை எழுத்துப்பிழை என்று எண்ணி ‘ஒட்டுண்ணி’ ஆக்கிவிடுவார். கைபேசித் தட்டச்சும் அதையே செய்கிறது, இந்த மடலை எழுதும்போதே பலமுறை செய்தது. ஆகவே முதல்முறை வரும் இடத்தில் ‘ஊட்டு-உண்ணி’ என்று பிரித்து எழுதி, பின் சேர்த்து எழுதலாமா? அல்லது ‘ஊட்டலுண்ணி’ என்று நீட்டிவிடலாமா? எனக்கு முதலாவதுதான் பிடிக்கிறது. ‘சூறையுண்ணி’ கடுமையாக இருக்கிறது என்று அக்கா நினைத்தால் மாற்று எழுதுங்கள். ‘குடியுண்ணி’யை மட்டும் நான் இலேசில் விடமாட்டேன். பக்க அமைப்பாளர் வரும் வெள்ளிக்கிழமை கோப்பை வாங்கிக்கொள்வார், அதற்குள் பதில் போட்டால் போதும்.