மறுமொழி: துருக்கிப் பெயர்ச்சொல்லில் ‘உடைமை உருபு’

> பொஸசிவ் சஃபிக்ஸ் (‘என், உன்’ என யாருடையது என்று காட்டப் பெயர்ச்சொல்லின் பின்னால் ஒட்டும் ஈறு) என்பதற்குத் தமிழில் ‘உடைமை உருபு’ என்றே போட்டுவிடலாமே.

ஐயா, வணக்கம்.

‘உருபு’ வேண்டாம் என்பது என் கட்சி. துருக்கியில் வேற்றுமை உருபு தனியாக இருக்கிறது. எவ் என்றால் வீடு; எவிம், என் வீடு; எவிமிஸ், எங்கள் வீடு. உருபு அதற்கும் பிறகுதான் வரும்: எவிமிஸ்தெ, எங்கள் வீட்டில். நாம் ‘என்’ என்பதை முன்னால் வைக்கிறோம். அவர்கள் பின்னால் ஒட்டி, அதன்மேல் உருபை ஏற்றுகிறார்கள். தன்மை, முன்னிலை, படர்க்கை என்ற இடமும் எண்ணும் காட்டுவதால் இந்த ஈறு ‘வந்தேன், வந்தாய்’ ஈறுகளுக்குத்தான் உறவு. ஆகவே விகுதி.

இரண்டையும் உருபு என்றால் படிப்பவர் தடுமாறுவார். ‘எவின்’ என்பது ‘வீட்டின்’ என்றும் ஆகும், ‘உன் வீடு’ என்றும் ஆகும். ‘எவின்தெ’ இன்னும் வம்பு. எவின்+தெ என்று பிரித்தால் உன் வீட்டில். எவி+ன்+தெ என்று பிரித்தால் அவர் வீட்டில். நடுவில் நிற்கும் அந்த ‘ன்’ நம் சாரியை (சொல்லுக்கும் உருபுக்கும் நடுவே வரும் இணைப்பு) செய்யும் வேலையைத்தான் செய்கிறது. அதற்காவது புதுச்சொல் தேட வேண்டாம்!

அடுத்து ‘உடைமை’. கதவின் கைப்பிடி என்றாலும் கைப்பிடிமேல் இந்த விகுதி ஏறும். ‘இஸ்தான்புல் யூனிவெர்சிதெசி’யில் கடைசி ‘சி’யும் இதுவே. இங்கே யார் எதை உடைமையாக வைத்திருக்கிறார்கள்? நம் இலக்கணத்தில் இதற்குத் தோதான ‘கிழமை’ (உரிமைத் தொடர்பு) இருக்கிறது. தற்கிழமை (பிரியாத தொடர்பு), பிறிதின்கிழமை (பிரியக்கூடிய தொடர்பு) என்று கைப்பிடியையும் சொத்தையும் பிரித்தே பேசும். முதலில் ‘கிழமை விகுதி’ என்றுதான் எழுதினேன். மகள் எட்டிப் பார்த்து, “வெள்ளிக்கிழமை விகுதியா?” என்றாள். அழித்துவிட்டேன். (திங்கட்கிழமைக்குத் துருக்கியில் பஸார்தெசி. பஸார், ஞாயிறு, எர்தெசி, அதன் மறுநாள். அந்தச் ‘சி’யும் இதே விகுதிதான். அவளிடம் சொல்லவில்லை.)

எனவே ‘உரியோர் விகுதி’ என்று முன்வைக்கிறேன். யாருக்கு உரியது என்று காட்டும் ஈறு.

> எனவே ‘உரியோர் விகுதி’ என்று முன்வைக்கிறேன்.

உருபு போகட்டும், ஒப்புக்கொண்டேன். ஆனால் ‘உரியோர்’ உயர்திணை ஆயிற்றே! உங்கள் கதவு எப்போது உயர்திணை ஆனது? நீங்கள் அழித்ததைத் திரும்ப எழுதுங்கள். கலைச்சொல் பட்டியலில் ‘தன்மை ஒருமைக் கிழமை விகுதி: இம்’ என்று ஏற்றிவிட்டேன். முன்னிலையும் படர்க்கையும் உங்கள் பொறுப்பு.