பாட்டியின் பீங்கான் செட்: ராஜா காலத்துச் சாமானா?

சுங்கை சிப்புட் மருமகள்:
எங்கள் பாட்டி தோட்டத்தில் பெரிய துரை பங்களாவில் ஆயாவாக இருந்தவர். துரை ஊருக்குத் திரும்பும்போது கொடுத்துவிட்டுப் போன பீங்கான் செட் ஒன்று லயத்திலிருந்து தாமான் வீடு வரைக்கும் எங்களோடு வந்திருக்கிறது. உயரமான மூக்குப் பாத்திரம், ஆறு கோப்பை, சாசர், சீனிக் கிண்ணம், பால் ஜாடி. விளிம்பெல்லாம் தங்கம், கைப்பிடி கொடி மாதிரி சுருண்டிருக்கும், நடுவில் மரத்தடியில் ஒரு வெள்ளைக்காரச் சோடி. படத்தின் ஓரத்தில் ஃபிரகொனார் என்று கையெழுத்து. அவர் 1732இல் பிறந்த பிரெஞ்சு ஓவியர், அதனால் இது ராஜா காலத்துச் சாமான் என்கிறான் எங்கள் வீட்டுத் தம்பி. ஆனால் அடியில் பச்சையில் 'பவேரியா, வெஸ்டர்ன் ஜெர்மனி' என்று இருக்கிறது. எதை நம்புவது? அடுத்த மாதம் மகளுக்கு நிச்சயதார்த்தம், சம்பந்தி வீட்டாருக்கு இதில் டீ கொடுக்க ரொம்ப ஆசை.

தெலுக் இந்தான் தம்பி:
அடியில் இருப்பதை நம்புங்கள் அக்கா. மேற்கு ஜெர்மனி என்ற நாடே 1949இல்தான் வந்தது, 1990இல் கிழக்கோடு சேர்ந்துவிட்டது, உங்கள் செட் அதற்கு நடுவில் செய்தது. ஃபிரகொனார் 1806லேயே இறந்துவிட்டார். அவர் பாணிக் காதல் படங்களை அச்சுத்தாளில் கையெழுத்தோடு அடித்துப் பீங்கானில் ஒட்டிச் சுடுவார்கள். பூதக்கண்ணாடியில் பாருங்கள், சின்னச் சின்னப் புள்ளி தெரிந்தால் அச்சுதான். இந்தச் சுருளும் சிப்பி வளைவும் ரொக்கோகோ பாணி, பதினைந்தாம் லூயி ராஜா காலத்துப் பிரான்சில் வளர்ந்தது, அப்புறம் வந்தவர்கள் திரும்பத் திரும்பச் செய்தார்கள். அதற்காக மட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். பவேரியா ஜெர்மனியில் ஒரு மாநிலம், அங்கே செல்ப் என்ற ஊர்ப் பக்கமெல்லாம் அப்போது பீங்கான் ஆலைகள்தான், நல்ல கெட்டிப் பீங்கான். கோப்பையை வெளிச்சத்தில் பிடித்தால் விரல் நிழல் தெரியும்.

பத்து காஜா அத்தை:
அது டீ செட் இல்லையம்மா, கோப்பி செட். டீ பாத்திரம் குள்ளமாக, வயிறு பெருத்திருக்கும், உள்ளே மூக்கு தொடங்கும் இடத்தில் இலையைத் தடுக்கச் சல்லடை மாதிரி ஓட்டைகள் இருக்கும். உயரமாக, ஓட்டை இல்லாமல் இருந்தால் கோப்பிக்குத்தான். கோப்பையும் அப்படியே: டீக்கு அகலம், கோப்பிக்கு ஒடுக்கம்.

ஈப்போ பாத்திரக்காரன்:
தாராளமாகக் கொடுங்கள், ஆனால் கழுவுவதில் கவனம். அந்தத் தங்கம் பீங்கானின் பளபளப்பான கண்ணாடிப் பூச்சுக்கு மேலே வைத்துக் குறைந்த சூட்டில் சுட்ட மெல்லிய பூச்சு. புளி, சாம்பல், கம்பி நார் எதுவும் ஆகாது. வெதுவெதுப்பான தண்ணீர், கொஞ்சம் சோப்பு, மெல்லிய துணி, ஒவ்வொன்றாகக் கையால் கழுவுங்கள். மைக்ரோவேவில் வைத்தால் தங்கத்தில் பொறி பறக்கும், என் அம்மாவின் தட்டு ஒன்று அப்படித்தான் கருகியது, இன்னும் எனக்கு மனசு ஆறவில்லை. ஊற்றுவதற்கு முன் வெந்நீரில் அலசிச் சூடாக்கிக்கொள்ளுங்கள், விரிசல் விடாது. முதலில் விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள்: கணீரென்றால் நல்லது, மந்தமாகக் கேட்டால் எங்கோ கீறல் இருக்கிறது. பழைய வண்ணங்களில் ஈயம் இருக்கலாம், எலுமிச்சைத் தண்ணீர் மாதிரி புளிப்பானதை அதில் ஊற்றிவைக்க வேண்டாம்.

சுங்கை சிப்புட் மருமகள்:
பார்த்துவிட்டேன். புள்ளி தெரிகிறது, ஓட்டை இல்லை. தட்டியதில் ஐந்து கோப்பை கணீரென்றது, ஒன்று மந்தம், அதை அலமாரியில் வைத்துவிட்டேன். தங்கம் தேய்ந்த கோப்பை பாட்டி தினமும் குடித்ததாம், அம்மா இப்போதுதான் சொன்னார், அதை மகள் தனக்கென்று எடுத்துக்கொண்டாள். அத்தை சொன்னபடி கோப்பிதான் கலக்கப்போகிறேன்.