புதுப்பிப்பு: அக்காவின் வெளுத்த முகம், ரத்தப் பரிசோதனைக்கு அப்புறம்

ஐந்து வாரத்துக்கு முன்னால் இங்கே எழுதியிருந்தேன். கம்பத்திலிருந்து தினமும் ஜீப்பில் குமுளிப் பக்கம் ஏலத்தோட்டத்துக்குப் போகும் என் அக்கா நாளுக்கு நாள் வெளுத்துக்கொண்டே வருகிறாள், தெருவில் "நிறம் கூடிட்டியே" என்கிறார்கள், எனக்குப் பயமாக இருக்கிறது என்று. கீழ் இமையை இழுத்துப் பார்க்கச் சொன்னவர்களுக்கு நன்றி. உள்ளே சிவப்பே இல்லை, துவைத்துத் துவைத்து வெளிறிய துணி மாதிரி இருந்தது. உள்ளங்கை ரேகையும் அப்படித்தான்.

ஹீமோகுளோபின் 7.2. கர்ப்பமாக இல்லாத பெண்ணுக்கு 12-க்குக் கீழே போனாலே ரத்தசோகை, 8-க்குக் கீழே என்றால் கடுமையானது. மேடேறும்போது மூச்சு வாங்கியதை வயசு என்று நினைத்திருக்கிறாள், 38 வயதில்! முறத்தில் புடைக்கும்போது பச்சரிசியை அள்ளி அள்ளி மெல்லுவாள். அதுவும் இரும்புச்சத்து குறைந்ததற்கு அடையாளமாம். அதற்காக எத்தனை முறை திட்டியிருக்கிறேன், நினைத்தால் மனசு கனக்கிறது.

காரணம் இரண்டு: மாதவிடாயில் அதிக ரத்தப்போக்கு, கூடவே குடலில் ஒட்டிக்கொண்டு ரத்தம் உறிஞ்சும் கொக்கிப்புழு. ஈர மண்ணில் வெறுங்காலோடு நின்றால் அது பாதத்தோல் வழியாகவே உள்ளே போய்விடும். பூச்சி மாத்திரையும் இரும்பு மாத்திரையும் கொடுத்தார்கள். முதல் வாரம் கட்டஞ்சாயாவோடு விழுங்கியிருக்கிறாள். டீ இரும்பை உடம்பில் சேரவிடாது. இப்போது எலுமிச்சைச் சாறோடுதான். மலம் கறுப்பாகப் போனது மாத்திரையால், அதில் பயமில்லை.

நேற்று பார்த்ததில் ஹீமோகுளோபின் 8.6. அளவு சரியான பிறகும் மூன்று மாதம் மாத்திரையை விடக் கூடாதாம். ரத்தப்போக்குக்கு ஸ்கேன் அடுத்த வாரம். தோட்டத்துக்கு ரப்பர் பூட்ஸ் வாங்கிக் கொடுத்துவிட்டேன்.