ரூபால்ஸ் டிராக் ரேஸ் சீசன் 9 ஃபைனல்: ஷியா கூலே தோற்றது நியாயமா?

சனிக்கிழமை_ரசிகை:
ஆடம்பரமான பெண் வேடத்தில் மேடை ஏறும் டிராக் கலைஞர்கள் மோதும் இந்த அமெரிக்கப் போட்டி நிகழ்ச்சியின் ஃபைனலை இப்போதுதான் பார்த்து முடித்தேன், மனசே ஆறவில்லை. சீசன் முழுக்க நான்கு சவால்களில் ஜெயித்த ஷியா, சாஷா வெலூரோடு ஒரே ஒரு பாட்டுக்கு லிப் சிங்க் (பாடாமல் வாயசைத்து நடிப்பது) செய்து தோற்று வெளியே போய்விட்டார். ஆட்டம் என்று பார்த்தால் அவர்தானே நன்றாக ஆடினார்? ரோஜா இதழ் கொட்டியதற்காகவா சாஷா வெலூருக்குக் கிரீடம்? நான் கவனிக்காமல் விட்டது ஏதாவது இருந்தால் சொல்லுங்கள்.

மேடைக்கிளி:
இருக்கிறது. இதழ்களை மறந்துவிட்டு சாஷாவின் முகத்தை மட்டும் இன்னொரு முறை பாருங்கள். பாட்டு விட்னி ஹூஸ்டனின் ‘சோ எமோஷனல்’, 1987இல் வந்தது. கேட்டால் கால் தானாகத் தாளம் போடும். ஆனால் பாடுகிற பெண் காதலில் நிலைகொள்ளாமல் தவிக்கிறாள். ஷியா அந்தத் துள்ளலை எடுத்துக்கொண்டார், அழகாகவும் செய்தார். சாஷா எடுத்தது தவிப்பை. அதனால்தான் அவர் அதிகம் ஆடவே இல்லை.

கையுறையைக் கழற்றும்போது இதழ்கள் உதிர்கின்றன இல்லையா? வித்தை அவ்வளவுதான் என்று நினைத்து நாம் கைதட்டிவிடுகிறோம். அப்புறம் இசை ஏறும்போது விக்கைத் தூக்குகிறார், தலையிலிருந்து இதழ் மழையாகக் கொட்டுகிறது. சின்னதை முதலில் காட்டிப் பெரியதை ஒளித்து வைத்த அந்தப் பொறுமை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

விக்குக்குக் கீழே இருந்த மொட்டைத் தலையையும் யோசித்துப் பாருங்கள். சாஷாவின் அம்மா புற்றுநோயில் இறந்தவர், சிகிச்சையில் முடியை இழந்தவர். அவர் நினைவாகத்தான் சாஷா மொட்டைத் தலையோடு மேடை ஏறுவார். விக்கைத் தூக்கியதும் வெளியே வந்தது அவருடைய உண்மையான மேடை முகம். வேறு யார் அதே இதழ்களைக் கொட்டியிருந்தாலும் எனக்குத் தொண்டை அடைத்திருக்காது.

பழைய_சீசன்வாசி:
மேடைக்கிளி சொல்வது சரி, ஆனால் ரசிகையின் கோபத்திலும் நியாயம் இருக்கிறது. முன்பெல்லாம் மொத்த சீசனையும் வைத்து, நிகழ்ச்சியை நடத்தும் ரூபால் முடிவு செய்வார். இந்த ஃபைனலில்தான் நான்கு பேரை இரண்டு ஜோடியாக்கி, ஜெயித்த இருவரை மறுபடி மோதவிட்டார்கள். இன்னொரு ஜோடியில் பெப்பர்மின்ட் டிரினிட்டி டெய்லரை வென்றார். கடைசிப் பாட்டும் விட்னியுடையதுதான், ‘இட்ஸ் நாட் ரைட் பட் இட்ஸ் ஓகே’.

வாராவாரம் மோசமாகச் செய்த கடைசி இருவர்தான் லிப் சிங்க்கில் மோதுவார்கள். சாஷா அதுவரை ஒரு முறைகூட அந்த இருவரில் நின்றதில்லை. லிப் சிங்க்கில் அவர் எப்படி என்று யாருக்கும் தெரியாது. அந்த நிலையில் ஒரு லட்சம் டாலர் பரிசைச் சில நிமிடப் பாட்டுகளில் முடிவு செய்வது கடுமையான விதி என்பதுதான் இன்றும் என் கருத்து.

சனிக்கிழமை_ரசிகை:
மறுபடி பார்த்தேன். விக்கைத் தூக்குவதற்கு முன்பு அவர் முகத்தில் இருக்கும் நடுக்கத்தை முதல் தடவை நான் பார்க்கவே இல்லை. சாஷா ஜெயித்ததை ஏற்றுக்கொள்கிறேன். ஷியா அந்த மேடையோடு நின்றுபோனதுதான் வலிக்கிறது.

மேடைக்கிளி:
நின்றுபோகவில்லை! 2020இல், பழைய போட்டியாளர்கள் மறுபடி மோதும் ஆல் ஸ்டார்ஸ் சீசன் 5இல் அவர்தான் ஜெயித்தார், அதுவும் கடைசியில் ஜூஜூபீ, மிஸ் கிராக்கர் இருவரோடும் லிப் சிங்க் செய்து. அதை அவசியம் பாருங்கள்.

நடுவில் சீசன் 10 ஃபைனலும் வரும். ஏஷியா ஓஹாரா உடையிலிருந்து உயிருள்ள பட்டாம்பூச்சிகளைப் பறக்கவிட முயன்றார், அவை பறக்காமல் தரையில் விழுந்தன. ரோஜா இதழ்களுக்குப் பிறகு எல்லோருக்கும் ஒரு பெரிய வித்தை தேவைப்பட்டது. சீசன் முழுக்க மற்றவர்களுக்குத் தைத்துக் கொடுத்து உதவிய ஏஷியாவுக்கு அப்படி நடந்ததை என்னால் இரண்டாம் முறை பார்க்க முடியவில்லை.