எண்ட்கேமுக்கு முன்னால் அப்பாவுக்கு எந்தப் படம் போடுவது?

மன்னார்குடி பக்கம் எங்கள் ஊர். அப்பாவுக்கு 66 வயது. குறுவை அறுத்தாயிற்று, தாளடி நடவுக்குப் பத்து நாள் இருக்கிறது. 'அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்' போடு என்று அவரே கேட்டார். தமிழில் அயர்ன் மேனுக்கு விஜய் சேதுபதி குரல் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். தம்பிக்கு அந்தக் குரல்தான் ஆகவே ஆகாது!

2019-இல் வந்த படம், 3 மணி நேரம் ஓடும், மார்வெல் சூப்பர் ஹீரோ பட வரிசையில் 22-ஆவது. முந்தைய 21-ஐயும் பார்த்தே ஆக வேண்டும் என்கிறான் தம்பி. அதற்குள் தாளடி அறுப்பே வந்துவிடும். டீக்கடை நண்பர் 'இன்ஃபினிட்டி வார்' ஒன்றே போதும் என்றார். ஞாயிறன்று போட்டேன். அரை மணி நேரத்தில், "இந்த ஊதா மூஞ்சிக்காரன் எதுக்குப்பா கல்லு பொறுக்குறான்?" என்றார் அப்பா. அப்புறம் குறட்டை.

மறுநாள் முதல் 'அயர்ன் மேன்'. குகைக்குள் இரும்பை அடித்துக் கவசம் செய்யும் இடத்தில், கையில் எடுத்த வெற்றிலையை மடிக்காமல் அப்படியே பார்த்தார். சண்டை தொடங்கியதும் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

இவர் தூங்காமல் பார்த்து, எண்ட்கேமும் புரிய வேண்டுமென்றால், இடையில் எந்த நாலு படத்தைப் போடலாம்?