பாலு சித்தப்பாவின் டொனால்டு குரல்

அனு: எல்லோருக்கும் ஒரு வேண்டுகோள். அப்பாவின் மூளையில் அடைப்பு வந்ததிலிருந்து பேச்சுப் பயிற்சி கொடுக்க வருகிறவர், அப்பாவுக்கு ரொம்பப் பிடித்த, பழகிய குரல்களைக் கேட்க விடுங்கள், பேசச் சொல்லி வற்புறுத்தாதீர்கள் என்றார். பாட்டு போட்டோம். கேட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். நேற்று டிவியில் எதையோ தேடும்போது டொனால்டு டக் வந்தது. அப்பா சட்டென்று திரும்பினார். ஒரு பக்கக் கன்னத்தை உப்பினார். சத்தம் வரவில்லை, ஆனால் முயற்சி பண்ணினார்.

மீனா: ஐயோ அனு

விக்கி: டொனால்டா!!

சுமதி: படிக்கும்போதே கண் கலங்கிவிட்டது

அனு: அவர் உங்களோடு உட்கார்ந்து என்னென்ன கார்ட்டூன் பார்ப்பார், எந்தெந்தக் குரல் செய்வார் என்று எழுதுங்கள். நான் அப்போது கைக்குழந்தை, எனக்கு எதுவும் தெரியாது. ஞாயிறு சாயங்காலம் எல்லோரும் வீடியோவில் வந்தால் இன்னும் நல்லது.

பிரபு: எந்தக் கன்னம்?

அனு: என்ன அண்ணா?

பிரபு: எந்தக் கன்னத்தை உப்பினார்?

அனு: இடது. வலது பக்கம்தான் இன்னும் சரியாகவில்லையே.

பிரபு: அவர் எப்போதும் இடது கன்னத்தில்தான் டொனால்டு செய்வார். எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. எனக்குச் சொல்லிக்கொடுக்கும்போது விரலால் என் கன்னத்தை அழுத்திக் காட்டுவார். அது தொண்டையிலிருந்து வருகிற குரல் இல்லை அனு. கன்னத்துக்கும் மேல் பல்லுக்கும் நடுவே காற்றை அடைத்து, அதை நெருக்கி வெளியே விட வேண்டும். அதனால்தான் டொனால்டு பேசுவது பாதி புரியும், பாதி புரியாது. அந்தக் குரலை முதலில் கொடுத்தவர் கிளாரன்ஸ் நேஷ். சின்ன வயதில் ஆட்டுக்குட்டி மாதிரி பேசிப் பழகியவர். அந்த ஆட்டுக்குட்டிக் குரல்தான் டிஸ்னி காதில் வாத்தாக விழுந்தது. 1934இல் ஆரம்பித்து ஏறக்குறைய ஐம்பது வருஷம் அவரே பேசினார்.

விக்கி: மச்சான் ஆரம்பித்துவிட்டார்

மீனா: அண்ணா, அவள் பட்டியல்தான் கேட்டாள்

சுமதி: டாம் அண்ட் ஜெர்ரியை எழுது. தம்பி அதைப் பார்த்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பான்.

விக்கி: ஸ்கூபி டூ. சின்ன மாமா ஷாகி மாதிரி நடுங்கிக்கொண்டே ஓடுவார், ஹால் முழுக்க.

மீனா: பக்ஸ் பன்னி. கேரட் இல்லாமல் செய்யவே மாட்டார்.

பிரபு: அது நியாயம்தான் மீனா. பக்ஸுக்குக் குரல் கொடுத்த மெல் பிளாங்க்கும் நிஜக் கேரட்டைத்தான் கடிப்பார். வேறு எதைக் கடித்தாலும் அந்தச் சத்தம் வரவில்லையாம். கடிப்பார், மெல்லுவார், பக்கத்தில் இருக்கிற பாத்திரத்தில் துப்புவார், உடனே வசனம். பக்ஸ் பன்னி, டாஃபி டக், ட்வீட்டி, போர்க்கி பிக், அத்தனையும் அந்த ஒரே தொண்டை.

சுமதி: (பலமுறை பகிரப்பட்டது) டாம் அண்ட் ஜெர்ரியை உருவாக்கிய மேதை இன்று காலமானார். நம் குழந்தைப் பருவமே இன்று இறந்துவிட்டது. அனைவருக்கும் பகிருங்கள்.

சுமதி: பாருங்கள், இப்போதுதான் வந்தது. தம்பியிடம் சொல்லாதீர்கள்.

மீனா: அம்மாடி, இன்றைக்கா?

பிரபு: அத்தை, இது பழைய செய்தி. டாம் அண்ட் ஜெர்ரியை உருவாக்கியது வில்லியம் ஹன்னா, ஜோசப் பார்பரா என்ற இரண்டு பேர். ஹன்னா 2001இல் போய்விட்டார், பார்பரா 2006இல். 2020 ஏப்ரலில் ஜீன் டீட்ச் என்று ஒருவர் இறந்தார். அவர் அறுபதுகளின் தொடக்கத்தில் பிராக் நகரத்தில் இருந்து 13 டாம் அண்ட் ஜெர்ரி படங்களை இயக்கியவர். ஆனால் மொத்தத்தையும் உருவாக்கியவர் அவர்தான் என்று ஊரெல்லாம் பரப்பிவிட்டார்கள். அதுதான் மறுபடி மறுபடி சுற்றுகிறது.

சுமதி: எனக்கு வந்தது, அனுப்பினேன்

பிரபு: பரவாயில்லை அத்தை. ஆனால் ஒன்று தெரியுமா? டாம் அடிபட்டதும் ஒரு அலறல் அலறுமே, அது அந்த ஹன்னாவின் சொந்தக் குரல். படத்தை இயக்கியவரே கத்தியிருக்கிறார். பெரும்பாலும் பேசாத பூனைக்கு அந்த அலறல்தான் அடையாளம். ஹன்னா, பார்பரா ஜோடி 1940 முதல் 1958 வரை 114 குறும்படங்கள் எடுத்தது, ஏழு ஆஸ்கர். எல்லாம் தியேட்டருக்காக எடுத்தவை. நாம் டிவியில் பார்த்ததால் டிவி கார்ட்டூன் என்று நினைத்துக்கொண்டோம்.

விக்கி: கடைசி எபிசோடில் ரெண்டும் தண்டவாளத்தில் உட்கார்ந்து செத்துவிடும், அதை மட்டும் மாமாவுக்குப் போடாதீர்கள்

பிரபு: அது கடைசி இல்லை விக்கி. 1956இல் வந்தது, அதற்குப் பிறகும் ஒன்றரை வருஷத்துக்கு மேல் எடுத்தார்கள். சாவதையும் காட்டவில்லை, ரயில் சத்தத்தோடு முடித்துவிடுவார்கள். அதில் ஜெர்ரி நமக்குக் கதை சொல்லும், குரல் பால் ஃப்ரீஸ்.

மீனா: சரி, அதைப் போட வேண்டாம். அனு, எழுதிக்கொள்கிறாயா?

அனு: எழுதுகிறேன் அக்கா. டொனால்டு, டாம், பக்ஸ், ஷாகி.

லதா: போர்க்கியை விட்டுவிட்டீர்களே. அவருக்கு ரொம்பப் பிடித்தது அதுதான்.

மீனா: சித்தி, வேண்டாம். அது திக்கித் திக்கிப் பேசும். இந்த நேரத்தில் சித்தப்பாவுக்கு அதைப் போட்டால் என்ன நினைப்பார்?

லதா: நான் சொல்வது அதனால்தான் மீனா. தினமும் பார்க்கிறேன். ஒரு வார்த்தையில் மாட்டிக்கொள்கிறார், முகம் சிவக்கிறது, அப்புறம் வேறு வார்த்தைக்குத் தாவுகிறார். தண்ணீர் என்ற வார்த்தை வரவில்லை என்றால் டம்ளரைச் சொல்கிறார். போர்க்கி அதைத்தானே செய்யும்?

பிரபு: சித்தி சொல்வது சரி. போர்க்கிக்கு முதலில் குரல் கொடுத்த ஜோ டாகர்ட்டிக்கு நிஜமாகவே திக்குவாய். பேசும்போது அவரால் கட்டுப்படுத்த முடியவில்லை, பதிவு நீண்டுகொண்டே போனது. 1937இல் மெல் பிளாங்க்கைக் கொண்டுவந்தார்கள். அவர்தான் அந்தத் திக்கலை ஒரு தாளத்துக்குக் கொண்டுவந்தார். மாட்டிக்கொண்ட வார்த்தையை விட்டுவிட்டு, சுலபமான வேறு வார்த்தையைப் பிடித்து வாக்கியத்தை முடிக்கும் போர்க்கி. எனக்கு அதில் எந்தக் கேலியும் தெரியவில்லை. சொல்ல வந்ததை எப்படியாவது சொல்லிவிட்டுத்தான் ஓயும்.

மீனா: எனக்கு மனசு ஒப்பவில்லை

சுமதி: லதா சொன்னால் சரியாகத்தான் இருக்கும். கூடவே இருக்கிறவள் அவள்தானே. நாங்கள் எல்லாம் போனில்தான்.

லதா: அண்ணி, நான் அப்படிச் சொல்லவில்லை

சுமதி: தெரியும் லதா. நானாகச் சொன்னேன்.

விக்கி: ஒரு யோசனை. சின்ன மாமாவின் பழைய குரல் பதிவு ஏதாவது இருந்தால் ஆப்பில் போட்டு அவர் குரலிலேயே டொனால்டு பேச வைக்கலாம்.

பிரபு: வேண்டாம்டா. கிளாரன்ஸ் நேஷ் வயதான பிறகு என்ன செய்தார் தெரியுமா? டிஸ்னியிலேயே படம் வரைகிற டோனி அன்செல்மோ என்ற இளைஞரைப் பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தார். 1985இல் நேஷ் இறந்தார். அதற்குப் பிறகு அன்செல்மோதான் டொனால்டு. ஒரு வாயிலிருந்து இன்னொரு வாய்க்குப் போன குரல் அது. சித்தப்பா நம் கன்னத்தைப் பிடித்து அழுத்திச் சொல்லிக்கொடுத்ததும் அதே மாதிரிதானே. அவருக்கு இப்போது மிஷின் குரல் எதற்கு? நாம் செய்து காட்டலாம். கேவலமாக வந்தாலும் பரவாயில்லை, திருத்துவதற்காவது வாயைத் திறப்பார்.

விக்கி: அதுவும் சரிதான்

அனு: அண்ணா, இது நிஜமாகவே உதவுமா?

பிரபு: 1961 ஜனவரியில் மெல் பிளாங்க்குக்குப் பெரிய கார் விபத்து. இரண்டு வாரத்துக்கும் மேல் நினைவில்லை. குடும்பத்தினர் கூப்பிட்டும் பதில் இல்லை. ஒரு நாள் டாக்டர், பக்ஸ் பன்னி, எப்படி இருக்கிறாய் என்று கேட்டார். பக்ஸ் குரலிலேயே பதில் வந்தது. அடுத்து ட்வீட்டி இருக்கிறதா என்று கேட்டதற்கு ட்வீட்டி குரலும் வந்தது. அப்போது ஃபிளின்ட்ஸ்டோன்ஸ் கார்ட்டூன் தொடங்கி நாலு மாதம்கூட ஆகவில்லை, அதில் பார்னி இவர்தான். சில எபிசோடுகளுக்கு டாஸ் பட்லர் மாற்றாகப் பேசினார். அப்புறம் உடம்பெல்லாம் மாவுக்கட்டோடு இவர் படுத்திருக்க, கட்டிலுக்கு மேலே மைக்கைத் தொங்கவிட்டு, மற்ற நடிகர்கள் சுற்றி நின்று பதிவு செய்தார்கள்.

மீனா: அண்ணா, அது வேறு, இது வேறு. அவருக்கு விபத்து. சித்தப்பாவுக்கு மூளையில் பேச்சு இருக்கும் இடத்திலேயே அடைப்பு. அனுவுக்கு வீண் நம்பிக்கை கொடுக்காதே.

பிரபு: ஒரே மாதிரி நடக்கும் என்று நான் சொல்லவில்லை மீனா. கன்னத்தை உப்பினார் என்று அவள் சொன்னாள். அதைப் பிடித்துக்கொள்ளலாம் என்கிறேன்.

அனு: சண்டை வேண்டாம், ப்ளீஸ்

விக்கி: ஷாகி எனக்கு. சொல்லிவிட்டேன், வேறு யாரும் கேட்கக் கூடாது.

பிரபு: ஷாகிக்குக் குரல் கொடுத்த கேசி கேசம் சைவக்காரர். ஒரு துரித உணவு விளம்பரத்துக்கு ஷாகியாகப் பேசச் சொன்னதும் 1995இல் வேலையையே விட்டுவிட்டார். ஷாகியும் சைவம் என்று ஒப்புக்கொண்ட பிறகு, 2002இல்தான் திரும்பி வந்தார்.

சுமதி: நல்ல மனுஷன். எனக்கு அந்த நாய்க் குரல் யார் என்று தெரியணும்.

பிரபு: டான் மெசிக், 1969 முதல். இப்போது ஃபிராங்க் வெல்கர். அவர் அதே 1969 முதல் ஸ்கூபி டூவில் வரும் ஃப்ரெட்டாகவும் பேசுகிறார், இன்றுவரை.

மீனா: ஒரே ஆள் இன்றுவரைக்குமா! சரி, எனக்கு ட்வீட்டி. போர்க்கியைப் பற்றி அப்புறம் பேசலாம்.

லதா: பேசலாம் மீனா. நான் தனியாகக் கூப்பிடுகிறேன்.

அனு: பெரியப்பா, நீங்களும் ஞாயிறு வருவீர்கள்தானே?

அனு: பெரியப்பா?

சுமதி: அண்ணன் பார்த்துவிட்டார், நீலக் குறி விழுந்திருக்கிறது

விக்கி: பெரிய மாமாதானே அந்தக் காலத்தில் டிவி ஒயரைப் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டியவர்

மீனா: விக்கி!

பிரபு: பரீட்சை நேரம்டா. அதனால்தான் எல்லோரும் சித்தப்பா வீட்டுக்கு ஓடினோம்.

சுமதி: அதோடு நின்றதா? வீட்டைப் பிரித்தபோதும் அந்த ஒயரைச் சொல்லித்தானே சண்டை ஆரம்பித்தது. சரி, அதை விடுங்கள்.

சுந்தரம்: (இந்தச் செய்தி நீக்கப்பட்டது)

மீனா: அப்பா, என்ன எழுதினீர்கள்?

சுந்தரம்: பாப்பாயை யாரும் எழுதவில்லை.

அனு: அப்பா பாப்பாய் செய்வாரா பெரியப்பா?

சுந்தரம்: அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். பள்ளிக்கூடம் போகிற வயது. ஒரு கண்ணை மூடிக்கொள்ள வேண்டும், வாயைக் கோணிக்கொள்ள வேண்டும். அவனுக்கு அந்த முணுமுணுப்புதான் வராது.

பிரபு: அப்பா!! இதை எங்களுக்குச் சொன்னதே இல்லை

சுந்தரம்: கேட்கவில்லை.

பிரபு: அந்த முணுமுணுப்புதான் பாப்பாயின் உயிர். ஜாக் மெர்சர் பேசியது. பாப்பாய் எடுத்த ஸ்டுடியோவில் படத்தை முதலில் வரைந்துவிட்டு, அப்புறம் திரையைப் பார்த்துக் குரல் சேர்ப்பார்கள். பாப்பாயின் வாய் அசையாத இடங்களில் எல்லாம் மெர்சர் தானாகவே ஏதாவது முணுமுணுத்து நிரப்புவார், எழுதிக் கொடுத்ததே இல்லை. 1935 முதல், 1984இல் இறக்கும் வரைக்கும் பெரும்பாலும் அவரே.

சுந்தரம்: அவன் வாய் இப்போது கோணியிருக்கிறதா லதா?

லதா: கொஞ்சம் இருக்கிறது அத்தான். குறைந்து வருகிறது.

சுந்தரம்: அப்படியானால் பாப்பாய் வேண்டாமா? அவன் தப்பாக எடுத்துக்கொள்வானா?

லதா: நீங்கள் செய்தால் எடுத்துக்கொள்ள மாட்டார்.

சுமதி: அண்ணா, கண்டிப்பாகச் செய்

மீனா: போர்க்கி வேண்டாம் என்றேன், பாப்பாய்க்கு எல்லோரும் சரி என்கிறீர்கள்

விக்கி: அப்போ ஞாயிறு 5 மணியா, 6 மணியா?

லதா: 5 மணிக்குப் பயிற்சி முடிந்து களைப்பாக இருப்பார். தூங்கி எழுந்ததும் சொல்கிறேன்.

விக்கி: எனக்கு 7க்கு மேல் முடியாது

சுந்தரம்: வீடியோவில் நான் வந்தால் அவன் பேச மாட்டான். முதலில் குரலை மட்டும் பதிவு செய்து அனுப்புகிறேன். மீனா, அந்த மைக் படத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டுமா, ஒருமுறை தொட்டால் போதுமா?

மீனா: அழுத்திக்கொண்டே மேலே தள்ளுங்கள் அப்பா, அப்புறம் கையை எடுத்துவிடலாம். இருங்கள், நான் வந்து காட்டுகிறேன். அதற்குள் எதையும் அனுப்பிவிடாதீர்கள்.

சுந்தரம்: (குரல் பதிவு 0:03)

விக்கி: இதில் ஃபேன் சத்தம்தான் கேட்கிறது